பரபரப்பான வாரத்திலும் நிற்காத உடற்பயிற்சி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

உடற்பயிற்சிக்கான அட்டவணையை நாம் பெரும்பாலும் ஓய்வான ஒரு நாளில்தான் போடுகிறோம். காலை ஐந்தரைக்கு எழ வேண்டும், ஒரு மணி நேரம் ஓட வேண்டும், வாரம் ஆறு நாள். எழுதும்போது எல்லாமே நடந்துவிடும் போலத்தான் தெரியும். காய்ச்சலோடு படுத்திருக்கும் குழந்தை அந்த அட்டவணையில் இல்லை. இரவு ஒன்பது வரை இழுக்கும் மீட்டிங் இல்லை. முந்தைய நாள் சரியாகத் தூங்காத உடம்பும் இல்லை. சில நாள் ஓடும். அப்புறம் ஒரு நெருக்கடியான வாரம் வரும், அட்டவணை குலையும், "நமக்கெல்லாம் இது சரிப்படாது" என்று விட்டுவிடுவோம்.

அதனால் இங்கே தலைகீழாகத் தொடங்குவோம். உங்களுடைய மிக மோசமான வாரத்தில் எது முடியுமோ, அதுதான் திட்டம். நல்ல வாரம் வந்தால் கூடுதலாகச் செய்துகொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

தொடங்கும் முன் ஒன்று. இதயக் கோளாறு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது மாத்திரை, கர்ப்பம், சமீபத்தில் அறுவை சிகிச்சை, நடக்கும்போதே நெஞ்சில் இறுக்கம் என்று ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். மற்றவர்கள் மெதுவாக ஆரம்பிப்பதற்குப் பெரிய பரிசோதனை எதுவும் தேவைப்படாது.

எவ்வளவு செய்தால் போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். கடுமையான உழைப்பென்றால் 75 முதல் 150 நிமிடம் போதும், இரண்டையும் கலந்தும் செய்யலாம். இதோடு கால், முதுகு, மார்பு, தோள் போன்ற பெரிய தசைகளுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது வேலை கொடுக்க வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் இதே அளவுதான். விழாமல் இருப்பதற்கான சமநிலைப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் அவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் சேரும்.

மிதமானது எது, கடுமையானது எது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமானது. நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்க நிற்க வேண்டியிருந்தால் கடுமையானது. எண்ணிப் பார்க்கப் பிடிக்கும் என்றால், பெரும்பாலானவர்களுக்கு நிமிடத்துக்கு 100 அடி என்ற வேகம் மிதமான உழைப்பின் தொடக்கம்.

ஒரு வாரத்தில் 10,080 நிமிடங்கள் இருக்கின்றன, அதில் 150 என்பது ஒன்றரை சதவீதம்தான். இந்தக் கணக்கைக் காட்டி "இதற்குக்கூடவா நேரமில்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. நிமிடங்கள் இல்லாமல் இல்லை. அவை முதலாளியின் கையிலும் குழந்தையின் கையிலும் வயதான பெற்றோரின் தேவையிலும் சிதறிக் கிடக்கின்றன. உங்கள் கையில் உண்மையில் இருப்பவை எவை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

வேலை நெருக்கடியில் இருப்பவர்களுக்கு 2020 வழிகாட்டுதலில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2010இல் வந்த முந்தைய பரிந்துரை, ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றது. புதியதில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம் செய்தாலும் அது மூன்று நிமிடம்தான், வீணில்லை. இன்னொன்று, ஒன்றுமே செய்யாதவர் கொஞ்சம் செய்யத் தொடங்கும்போது கிடைக்கும் ஆதாயம்தான் பெரியது. ஏற்கெனவே நிறையச் செய்பவர் இன்னும் கொஞ்சம் கூட்டும்போது கிடைப்பது அதைவிடச் சிறியது. ஆகவே முதல் மாதத்தில் 150 எட்டவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

ஒரு வாரத்தை அப்படியே எழுதிப் பாருங்கள்

முதல் வாரம் பயிற்சி எதுவும் வேண்டாம். எழுந்த நேரம், வேலைக்குக் கிளம்பிய நேரம், பயணம், சாப்பாடு, திரும்பிய நேரம், படுத்த நேரம், நடுவில் என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளிலோ போனிலோ குறித்துக்கொண்டே வாருங்கள். அரை மணிக்கொரு வரி போதும். போனில் எந்தச் செயலிக்கு எவ்வளவு நேரம் போனது என்பதை அமைப்புகளிலேயே பார்க்கலாம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் "ரீல்ஸ் பார்த்தது இரண்டு மணி நேரம், அதை எடுத்துக்கொள்கிறேன்" என்று உடனே தீர்மானிக்காதீர்கள். அந்த இரண்டு மணி நேரம் பெரும்பாலும் இரவு பத்துக்கு மேல், உடம்பும் மனமும் களைத்த பிறகு வருவது. அந்த நேரத்தில் பயிற்சி செய்யச் சொன்னால் யாருக்கும் கை கால் வராது.

வாரக் கடைசியில் தாளைப் பார்க்கும்போது தேட வேண்டியது பெரிய இடைவெளியை அல்ல, திரும்பத் திரும்ப வரும் இடைவெளியை. சனிக்கிழமை மட்டும் கிடைத்த இரண்டு மணி நேரத்தைவிட, ஐந்து நாளில் நான்கு நாள் கிடைத்த பதினைந்து நிமிடம் மதிப்பு கூடியது. வேலைக்குக் கிளம்புவதற்கு முன் வெறுமனே காத்திருக்கும் கொஞ்ச நேரம், மதிய உணவு முடித்தபின் இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கும் நேரம், பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் நிற்கும் முக்கால் மணி நேரம் எல்லாம் அப்படிப்பட்டவை. அந்த நேரத்தில் வேறு யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்களா என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். நள்ளிரவுக்குப் படுத்துவிட்டு ஐந்து மணிக்கு அலாரம் வைத்து ஓடுவது சில நாள் வீரமாகத் தெரியும். பிறகு பசி கூடும், எரிச்சல் கூடும், காயமும் வரலாம். காலையில் பயிற்சி செய்ய விரும்பினால் மாற்ற வேண்டியது முதல் நாள் இரவைத்தான். முன்னதாகப் படுக்க வழியில்லையென்றால் காலைப் பயிற்சி உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

கடிகாரத்தோடு அல்ல, ஒரு செயலோடு கட்டுங்கள்

"தினமும் மாலை ஆறரைக்கு" என்று வைத்தால், ஆறே முக்காலுக்கு வீடு வந்த நாளில் திட்டம் செத்துவிடும். "வீட்டுக்குள் நுழைந்ததும், சோபாவில் உட்காரும் முன்" என்று வைத்தால் எட்டு மணிக்கு வந்தாலும் அது உயிரோடு இருக்கும். பல் துலக்கியதும், பிள்ளை பள்ளி வாகனத்தில் ஏறியதும், மதியச் சாப்பாடு முடிந்ததும், கணினியை அணைத்ததும் என்று உங்கள் நாளில் எப்படியும் நடக்கப்போகிற செயல் ஒன்றைப் பிடியுங்கள். ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கு இதைவிட்டால் வேறு வழி கிடையாது. தூங்கி எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் என்று வைத்துக்கொண்டால், எழுவது காலையோ மாலையோ, கவலையில்லை.

அதை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்: எது முடிந்ததும், எந்த இடத்தில், என்ன செய்வேன். "கணினியை அணைத்ததும், படுக்கையறையில், எட்டு நிமிடப் பயிற்சி செய்வேன்." சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம். பிரிட்டனில் கல்லூரி மாணவர்களிடம் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே பயிற்சி செய்வேன் என்று எழுதிக் கொடுத்தவர்களில் 91 சதவீதம் பேர் செய்து முடித்தார்கள். உடற்பயிற்சியின் நன்மைகளை மட்டும் படித்தவர்களில் 35 சதவீதம் பேர்தான் செய்தார்கள், எதுவும் கொடுக்கப்படாத குழுவில் 38 சதவீதம். ஒரே ஒரு வாரத்து விஷயம், அதுவும் மாணவர்கள். ஆனாலும் அறிவுரை மட்டும் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது அந்த 35இல் தெரிகிறது.

காலையா மாலையா என்ற விவாதத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். காலையில் குறுக்கீடு குறைவு, மாலையில் உடம்பு இளகியிருக்கும். மாலைப் பயிற்சி பெரும்பாலானவர்களின் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. மூச்சு வாங்கும் கடுமையான பயிற்சியை மட்டும் படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது முடித்துவிடுங்கள்.

இரண்டு அளவுகள்: முழுசு, குட்டி

திட்டத்தின் உயிர்நாடி இதுதான். ஒவ்வொரு பயிற்சிக்கும் இரண்டு வடிவம் வைத்துக்கொள்ளுங்கள். முழுசு என்பது முப்பது நிமிடம். குட்டி என்பது எட்டு நிமிடம், எதுவும் வாங்காமல், உடை மாற்றாமல், தனியாக வெளியே போகாமல் செய்யக்கூடியது. முழுசுக்கு வழியில்லாத நாளில் குட்டி. குட்டி செய்த நாளும் செய்த நாள்தான், அரை மதிப்பெண் கிடையாது.

குட்டிப் பயிற்சி இப்படி இருக்கலாம். ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடை போடுங்கள், கைகளையும் வீசுங்கள். உடம்பு கொஞ்சம் சூடாகட்டும்.

அடுத்து நாற்காலி. நகராத, சக்கரமில்லாத நாற்காலி. அதன் முன்னால் பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மெதுவாக உட்காருங்கள். உட்காருவதற்கு இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொள்ள வேண்டும், தொப்பென்று விழக்கூடாது. முழங்கால் உள்பக்கம் சரியாமல் பாதத்தின் திசையிலேயே போகட்டும். பத்து முறை. இதுதான் ஸ்குவாட்டின் முதல் படி. பின்னால் நாற்காலி இருப்பதால் விழுந்துவிடுவோமோ என்ற பயம் இல்லை.

மூன்றாவது, சுவர்த் தண்டால். சுவரிலிருந்து ஒரு கை தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி நின்று, உள்ளங்கைகளை மார்பு உயரத்தில் சுவரில் வைத்து, தலை முதல் குதிகால் வரை ஒரே கோடாக இருக்கும்படி சாய்ந்து, பிறகு தள்ளுங்கள். எட்டிலிருந்து பத்து முறை. சுவர் எளிதாகிவிட்டால் அசையாத மேசை விளிம்பு, அதுவும் எளிதானால் முழங்கால் ஊன்றித் தரையில், கடைசியில் முழுத் தண்டால். தண்டால் வராது என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தரையில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் எங்குமில்லை.

நான்காவது, பை இழுப்பு. ஒரு பையில் புத்தகங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, முதுகை நேராக வைத்துக் குனிந்து, மறு கையால் பையை இடுப்புப் பக்கம் இழுத்து மெதுவாக இறக்குங்கள். கைக்குப் பத்து. நாள் முழுக்கக் கணினி முன் முன்சாய்ந்து உட்காருபவர்களின் மேல்முதுகுக்கு இது நல்ல வேலை, ஆனால் வீட்டுப் பயிற்சிகளில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

ஐந்தாவது, இடுப்பு உயர்த்தல். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மேலே தூக்கி ஒரு நொடி நிறுத்தி இறக்குவது. பத்து முறை. கடைசியாகப் பிளாங்க்: முழங்கை, முழங்கால் இரண்டையும் ஊன்றிக் குப்புற நின்று, வயிற்றை இறுக்கி, பதினைந்து இருபது நொடி.

இதை ஒருமுறை சுற்றி வரச் சுமார் நான்கு நிமிடம் ஆகும். இரண்டு சுற்று. எதிலும் மூச்சை அடக்காதீர்கள், பாரத்தைத் தூக்கும்போதோ தள்ளும்போதோ மூச்சை வெளியே விடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். "இன்னும் இரண்டு மூன்று செய்யலாம்" என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள். பதினைந்து முறை எளிதாக வரத் தொடங்கியதும் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகாமல் கடினத்தைக் கூட்டுங்கள்: உயரம் குறைந்த இருக்கை, எடை கூடிய பை.

முழு அளவுக்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. பேசலாம், பாட முடியாது என்ற வேகத்தில் முப்பது நிமிட நடை. அல்லது சைக்கிள், நீச்சல், ஓட்டம், நடனம், எது பிடிக்கிறதோ அது. வாரத்தில் இரண்டு நாள் அந்த முப்பது நிமிடத்தில் பாதியை மேலே சொன்ன தசைப் பயிற்சிக்குக் கொடுத்து, மூன்று நான்கு சுற்று செய்யலாம். வாரம் ஐந்து நாளும் கடுமையாக ஓட வேண்டும் என்று நினைத்துத் தொடங்குபவர்கள் முழங்காலையோ கணுக்காலையோ பிடித்துக்கொண்டு உட்காருவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

நாளுக்குள் ஒளிந்திருக்கும் நிமிடங்கள்

தனியாக நேரம் ஒதுக்காமலே கிடைப்பவை இவை. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய முக்கியமான முதல் ஆய்வுகளில் ஒன்றில், ஆய்வுக்கு உட்பட்டவர்கள் யாரும் ஜிம்முக்குப் போனவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல. ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் லண்டன் பேருந்துத் தொழிலாளர்களைக் கவனித்து 1953இல் வெளியிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, இரட்டை அடுக்குப் பேருந்தில் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது. வேலையிலேயே பயிற்சி கலந்திருந்தது. இன்று நம்மில் பலருக்கு ஓட்டுநர் இருக்கைதான்.

2022இல் வந்த ஓர் ஆய்வு இதையே வேறு விதமாகப் பார்த்தது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்வதில்லை என்று சொன்ன சுமார் 25,000 பிரிட்டன்காரர்களின் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவிப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பேருந்தைப் பிடிக்க வேகமாக நடப்பது, படியேறுவது போல ஓரிரு நிமிட மூச்சு வாங்கும் வேலை நாளுக்கு மூன்று முறை இருந்தவர்களிடம், எந்தக் காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு 38 முதல் 40 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, அதனால்தான் குறைந்தது என்று நிரூபிக்கவில்லை. ஆனால் படியேறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா என்ன?

நடைமுறையில் மூன்று இடங்களைப் பிடியுங்கள். பயணத்தில் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்குவது, அல்லது வண்டியைத் தள்ளி நிறுத்துவது. திரையைப் பார்க்கத் தேவையில்லாத போன் பேச்சுகளை நடந்துகொண்டே பேசுவது. சாப்பிட்டபின் பத்து நிமிட நடை. கடைசியாகச் சொன்னது சர்க்கரை நோயாளிகளுக்கு மிகவும் பொருந்தும். நியூசிலாந்தில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் 2016இல் வெளியான ஆய்வில், நாளில் ஏதோ ஒரு நேரம் 30 நிமிடம் நடந்ததைவிட, ஒவ்வொரு முக்கிய உணவுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய ரத்தச் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இன்சுலின் போடுபவர்கள் சர்க்கரை தாழ்ந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாளுக்கு 10,000 அடி நடந்தே தீர வேண்டும் என்ற பயத்தை விட்டுவிடலாம். அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியோடு பரவியது, ஆராய்ச்சியில் பிறந்ததல்ல. இப்போது எவ்வளவு நடக்கிறீர்களோ அதோடு ஆயிரம், இரண்டாயிரம் கூட்டினாலே நல்ல தொடக்கம்.

வார நாட்களில் உண்மையாகவே எதுவும் முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளில் பெரும்பகுதியைச் செய்யலாம். வாரம் முழுக்கப் பிரித்துச் செய்தவர்களுக்குக் கிடைத்ததைப் போன்ற இதய நலன் இவர்களுக்கும் கிடைத்ததாக 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. ஆனால் ஐந்து நாள் உட்கார்ந்த உடம்பை ஆறாம் நாள் இரண்டு மணி நேரம் ஓட விடாதீர்கள். நடையாகத் தொடங்கி, வாரங்கள் போகப் போகக் கூட்டுங்கள்.

வீட்டில் பேச வேண்டியது

நேர மேலாண்மை பற்றிப் பேசுபவர்கள் இதைத் தொடுவதே இல்லை. வீட்டில் சின்னக் குழந்தையோ படுக்கையில் இருக்கும் பெரியவரோ இருந்தால், ஒருவருடைய முப்பது நிமிடம் என்பது இன்னொருவர் பொறுப்பேற்கும் முப்பது நிமிடம். அந்த இன்னொருவர் யார் என்பது தீராமல் எந்த அலாரமும் வேலை செய்யாது. பல வீடுகளில் கணவர் நடைக்குப் போய்விட்டு வருவார், மனைவிக்கு "நேரம் கிடைத்தால் நீயும் போயேன்" என்ற வார்த்தை மட்டும் கிடைக்கும். நேரம் தானாகக் கிடைக்காது, ஒருவர் விட்டுக் கொடுத்தால்தான் இன்னொருவருக்கு உண்டு.

ஆகவே உட்கார்ந்து பேசி நாள் பிரியுங்கள். செவ்வாய், வியாழன் உனக்கு, திங்கள், புதன் எனக்கு. அந்த அரை மணி நேரத்தில் சாவி எங்கே, சட்டை எங்கே என்று கூப்பிடக்கூடாது. தனியாக வளர்ப்பவர்கள் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளும் பயிற்சியைத் தேடலாம். குழந்தை சைக்கிள் ஓட்ட நீங்கள் பக்கத்தில் விறுவிறுவென நடப்பது, மைதானத்தில் குழந்தை விளையாடும்போது அங்கேயே சுற்றுவது. குழந்தைகளுக்கும் நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடல் உழைப்பு தேவை, ஒரே நேரத்தில் இரண்டு கணக்கு முடியும்.

அலுவலகத்தில் இதைவிடச் சுலபம். உங்கள் நாட்காட்டியில் பயிற்சிக்கான இருபது நிமிடத்தை "வேறு வேலை" என்று அடைத்துவிடுங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை. வியர்வைதான் மதிய நேரத்தில் பலரைத் தடுப்பது. அதற்கு வேகத்தைக் குறைத்து நடப்பதும், தசைப் பயிற்சியை வீட்டுக்கு ஒத்திவைப்பதும் போதும்.

பயிற்சி செய்யும்போது மட்டும் கேட்பது என்று ஒரு பிடித்த தொடரையோ ஒலிப்புத்தகத்தையோ ஒதுக்கி வைப்பது சிலருக்கு உதவும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நடந்து 2014இல் வெளியான சோதனையில், ஜிம்மில் மட்டுமே கேட்க முடிந்த ஒலிப்புத்தகம் இருந்தவர்கள் தொடக்கத்தில் அடிக்கடி வந்தார்கள். விடுமுறை முடிந்து திரும்பியதும் அந்த வேகம் குறைந்துவிட்டது. நீண்ட விடுமுறைக்குக் கிளம்பும் முன்பே, திரும்பி வந்த மறுநாள் என்ன செய்வேன் என்பதையும் எழுதி வைத்துவிடுங்கள்.

முதல் எட்டு வாரம்

நேரத்தை எழுதிப் பார்த்த அந்த வாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் குட்டி மட்டும், வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். "இன்னும் செய்ய முடியுமே" என்று தோன்றும், அந்த ஆசையை அப்படியே விட்டுவையுங்கள். மூன்றாம், நான்காம் வாரம் அதில் ஒன்றை முழுசாக்குங்கள், சாப்பாட்டுக்குப் பின் நடையையும் சேருங்கள். ஐந்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் முழுசு மூன்று, குட்டி இரண்டு, சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடை ஐந்து முறை என்று வந்தால், நடையிலும் பயிற்சியிலும் சேர்த்து 150 நிமிடத்தைத் தொட்டிருப்பீர்கள். வரவில்லையென்றால் இன்னும் நான்கு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

21 நாளில் பழக்கம் உருவாகிவிடும் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் நிலைக்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. ஒருநாள் தவறவிட்டது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. எனவே ஒருநாள் போனால் போகட்டும், அதை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். இரண்டு முறை தொடர்ந்து தவறினால் மட்டும் அடுத்த நாள் கண்டிப்பாகக் குட்டி.

மூன்று வாரம் தொடர்ந்து தவறுகிறது என்றால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். எந்தச் செயலோடு கட்டினீர்களோ அது உங்கள் கையில் இல்லாத ஒன்றாக இருக்கலாம். மதிய இடைவேளையை மேலதிகாரி அடிக்கடி விழுங்குகிறார் என்றால் அது உங்கள் நேரமே அல்ல.

பயணம், கணக்கு முடிக்கும் மாதம், பிள்ளைகளின் தேர்வு என்று நீண்ட நெருக்கடி வரும்போது பயிற்சியின் எண்ணிக்கையைக் குறையுங்கள், கடினத்தைக் குறைக்காதீர்கள். வாரம் ஆறு நாள் பயிற்சி செய்து வந்தவர்கள் அதை இரண்டு நாளாகக் குறைத்தும், உழைப்பின் தீவிரத்தை விடாததால் 15 வாரம் வரை உடல் திறனைத் தக்கவைத்தார்கள் என்பது 1980களின் தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம். காய்ச்சல் இருந்தால் மட்டும் முழு ஓய்வு.

வலி வந்தால்

புதிதாகத் தொடங்கியவர்களுக்குப் பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிக்கும். மூன்று நாளில் தானாகத் தணியும். லேசான நடை அதற்கு நல்லது. மூட்டில் குத்தும் வலி, வீக்கம், ஒரு பக்கம் மட்டும் நாளுக்கு நாள் கூடும் வலி வேறு வகை. அந்த அசைவை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். "கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம்" என்பதெல்லாம் வேண்டாம்.

வாங்க வேண்டியவை

முதல் எட்டு வாரத்துக்கு, பாதத்துக்குப் பொருந்தும் ஒரு ஜோடி ஷூ. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்க வேண்டும். மாலையில் போய் வாங்குங்கள், அந்த நேரத்தில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். கைக்கடிகாரக் கருவி, டம்பெல், விரிப்பு எல்லாம் பிறகு. ஜிம்மில் சேர ஆசையென்றால், கருவிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் போக்குவரத்தைக் கணக்கிடுங்கள்: போக, வர, உடை மாற்ற, குளிக்க ஆகும் நேரம் பயிற்சி நேரத்தைவிட அதிகமென்றால் அந்த ஜிம் உங்களுக்குத் தூரம். வேலைக்குப் போகும் வழியிலேயே ஒன்று இருந்தால் சேரலாம். அப்போதும் ஆண்டுச் சந்தா வேண்டாம், ஒரு மாதத்துக்குக் கட்டி, அந்த மாதத்தில் எத்தனை முறை போனீர்கள் என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவெடுங்கள்.